எழுபத்தொன்றாம் தேதி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவர் கடையில் மின்விசிறிக்கு ரெகுலேட்டர் கிடையாது. சுவரில் அது இருந்த இடத்தில் இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருப்பார். சுவிட்சைப் போட்டால் முழு வேகம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில், ஒரே ஜன்னல் உள்ள அறை. மார்கழியிலும் விசிறி தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கும். காகிதங்கள் பறக்காமலிருக்கச் செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளை அவற்றின் மேல் வைத்திருப்பார். குளிருகிறதே, கொஞ்சம் குறைத்து வைக்கக் கூடாதா என்று முதல் நாளே கேட்டேன்.

"ரெகுலேட்டர்னா என்ன சார்? ஓடுறத ஓட விடாம புடிச்சி வெக்கிறது. கம்பெனிக்காரன் மோட்டாரக் குடுத்துட்டு அதுக்கு ஒரு கடிவாளத்தையும் சேத்துக் குடுக்குறான். நமக்கு என்னாத்துக்கு அது?"

அப்போது நான் சிரித்தேன். எழுதி வைத்திருக்கிறேன், அது ஒரு புதன்கிழமை.

"அடக்கி வெச்சிருக்கான்" என்பது அவருடைய சொல். ஸ்கூட்டரின் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதைச் சொல்வார். வீட்டு மிக்ஸியின் மோட்டாரைப் பிரித்துவிட்டு அதைச் சொல்வார். கேட்டுவிட்டுச் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை. பழுது பார்க்க ஒரு பொருளைக் கொடுத்தால் பழுதையும் பார்ப்பார், நாம் கேட்காத ஒன்றையும் செய்து வைப்பார். ஆள் ஒல்லி. சட்டைப்பையில் மல்டிமீட்டரின் சிவப்பு முனை நீட்டிக்கொண்டிருக்கும். வலது காதில் எப்போதும் ஒரு பென்சில். அவருக்கு ஒரு கோடு நேராக வரையத் தெரியாது. ஆனால் அந்தப் பென்சில்தான் அவருடைய தொழிலின் ரகசியம்.

அதை எனக்கு ஒருமுறை செய்து காட்டினார். விலை குறைந்த பிராசசரும் விலை கூடிய பிராசசரும் ஒரே தகட்டில் வெட்டியெடுத்தவைதான் என்பார். சிலவற்றின் வேகத்தைக் குறைத்துக் கட்டிவைத்து, குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து வேகத்தை ஏற்றலாம். ஆனால் வேகம் ஏற ஏற அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். மலிவான மதர்போர்டில் அதைக் கூட்டுவதற்கு வழி வைத்திருக்க மாட்டார்கள். அங்கேதான் பென்சில். எவ்வளவு வோல்ட் அனுப்புகிறோம் என்று போர்டு தானே அளந்து பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றின் மேல் பென்சிலால் நாலு தேய்ப்பு தேய்ப்பார். பென்சில் கரியில் மின்சாரம் பாயும். அளவு தவறும். குறைவாக அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு போர்டு கூடுதலாக அனுப்பும்.

"அவ்வளவுதான் சார். அளக்குற எடத்துல ஒரு சின்னப் பொய் சொல்லிட்டா போதும்."

பென்சிலில் சரியாக வந்துவிட்டால், அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகைப் பற்றவைப்பார். திருகைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டலாம், குறைக்கலாம். அவர் குறைத்து நான் பார்த்ததில்லை.

அவரால் நன்மையே விளையவில்லை என்று எழுதினால் பொய்யாகும். பொறியியல் கல்லூரி மாணவி ஒருத்தி, ப்ராஜெக்ட் ஓடவேயில்லை என்று கண் கலங்கி வந்து நின்றாள். புது மெஷின் வாங்க வழியில்லை. இரண்டு நாளில் அவளுடைய பழைய பெட்டி வேறு பெட்டி ஆனது. தேர்வு முடிந்ததும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இனிப்போடு வந்தாள். "ஒண்ணும் பண்ணலம்மா, அதுக்குள்ளயே இருந்துச்சி" என்றார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் அவரைப் பிடித்துப்போயிருக்கும்.

அவர் மனைவியின் கதையையும் சொல்ல வேண்டும். அந்த அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவர், நல்ல கைவேலை. தையல் மெஷினின் மோட்டாரில் இவர் ஏதோ மாற்றி வைத்தார். மறுநாள் ஊசி அந்த அம்மாவின் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. நான் போயிருந்தபோது விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். என்னங்க இது என்றேன்.

"மிசினு நல்லாத்தான் ஓடுதுங்க. நாந்தான் கவனிக்கல" என்றார் அந்த அம்மா.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "கை பழகணும் சார். ரெண்டு நாளு ஆவும்" என்றார். அந்தப் பேச்சை நான் அன்றைக்கே சரியாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இனி என் காரியம். எனக்குக் கோட்டுச்சேரியில் தபால் அலுவலகத்தில் வேலை. காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் நாளின் முதல் வேலை. ஊர் விழிதியூர். ஊருக்கு மேற்கே உள்ள மதகில் ஆண்டுதோறும் ஆற்றுத் தண்ணீர் வந்து தொடும் நாளை, வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவந்தேன். தேதி, கிழமை, மணி, தண்ணீர் எத்தனை விரல் உயரம். முதல் மழை, நாற்று விட்ட நாள், தண்ணீர் நின்ற நாள். காவிரியின் கடைமடை நாங்கள். மேலே அணை திறந்த செய்தி வந்த பிறகும் எங்கள் மதகு நனையப் பல நாளாகும். அது எத்தனை நாள் என்று எழுதி வைத்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. நோட்டுகள் பன்னிரண்டு சேர்ந்தன.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று யோசனை சொன்னவர் அவர்தான். மெஷினைக் கட்டிக் கொடுத்தார். பட்டியல் போடக் கற்றுக் கொடுத்தார். ஊரில் என்னை வெட்டிவேலைக்காரனாகப் பார்க்காத ஒரே ஆள் அவர். "ஆபீஸ்ல கூட இது இருக்காது சார்" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"கிழமை என்னாத்துக்கு சார்? தேதி இருந்தா கிழமைய மெஷினே சொல்லிடும். அந்தக் கட்டத்தத் தூக்கிடுங்க. எடம் மிச்சம், ஸ்பீடா ஓடும்."

நான் தூக்கிவிட்டேன்.

மாலைகளில் உட்கார்ந்து ஓராண்டு தட்டினேன். புரட்டாசியில் முடிந்தது. நோட்டையும் திரையையும் வரி வரியாக இருமுறை ஒப்பிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. கார்த்திகையில் புயல் வந்தபோது மற்ற ஆண்டுகளைப்போல நோட்டுகளைப் பரண்மேல் ஏற்றவில்லை. மெஷினில்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. பன்னிரண்டு நோட்டும் கூழாயின. மை கரைந்த தாளைப் பிரித்தால் கையோடு வந்தது. அதற்காக நான் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடவில்லை.

மார்கழியில் மெஷினைத் தூசி தட்டுவதற்காக அவரிடம் கொடுத்தேன். பேச்சுவாக்கில், பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் நேரம் எடுக்கிறது என்றேன். நான்கு நாள் கழித்து வாங்கி வந்தேன். மெஷின் பறந்தது. மறுநாள் மாடியேறிப் போய் அதைச் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "க்ளீன் பண்ணா அப்புடித்தான் சார்."

அந்த வைகாசியில்தான் செல்வராசு வந்தார். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு, சொந்த நிலமும் குத்தகை நிலமுமாகக் குறுவை போடுகிறவர். முந்தின பருவத்தில் தண்ணீர் வரத் தாமதமாகி ஊரில் நாற்றங்கால்கள் இரண்டு முறை காய்ந்திருந்தன. நிவாரணம் கேட்டு எழுதிய மனு, தண்ணீர் சரியான நாளில் வந்துவிட்டது என்று அலுவலகப் பதிவேடு சொல்வதால் நின்றுபோயிருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணே, ஆபீஸ் ரிஜிஸ்டர்ல எழுதுனவன் நம்ம மதகப் பாத்தே இருக்க மாட்டான். நீங்கதான் பாத்து எழுதுனவரு. அந்த லிஸ்ட்ட மட்டும் குடுத்துருங்க. நாப்பது குடும்பத்துக்கு நீங்கதான் சாட்சி" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டியலை ஆண்டுவாரியாகப் புதிதாக வரிசைப்படுத்திக் குறுந்தட்டில் ஏற்றினேன். அக்னி நட்சத்திர நேரம். கடற்காற்றே வராத பகல். மெஷினின் பெட்டியைத் தொட முடியவில்லை, ஆனால் வேலை நிமிடத்தில் முடிந்தது. விசாரணை நாள் காலையில் கம்ப்யூட்டர்காரர் கடையில் அச்செடுத்தோம். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். இரண்டு முறை ஒப்பிட்டதுதானே. "நானும் வரேன் சார், கம்ப்யூட்டர் விஷயமா எதுனா கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று அவரும் கூட வந்தார். தாள்களை அவர்தான் பிள்ளையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஜூலை எழுபத்தொண்ணாம் தேதி தண்ணி வந்துருக்கா உங்க ஊர்ல?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் என்ன என்று தெரியாமல் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் தன் பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். தகராறே இல்லாத பழைய ஆண்டுகளை ஒப்பிட்டார். பதிவேட்டில் பதினொன்று என்றிருந்தால் என் பட்டியலில் பதினைந்து. அங்கே இரண்டு, இங்கே ஆறு. எல்லா ஆண்டும் இல்லை. ஆனால் மாறியிருந்த இடமெல்லாம் எங்களுக்குச் சாதகமாகத் தள்ளியிருந்தது.

"தாமதம்னு காட்டறதுக்கு அங்கங்க நாலு நாள் கூட்டிருக்கீங்க. ஒரு எடத்துல கணக்குத் தவறி எழுபத்தொண்ணு ஆயிடுச்சி. ஒரிஜினல் நோட்டு இருக்குங்களா?"

"புயல்ல போயிடுச்சு சார்" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமா?" அதிகாரி அதை என்னிடம் கேட்கவில்லை, கம்ப்யூட்டர்காரரிடம் கேட்டார். எனக்குக் கிடைத்த ஒரே கதவு அது.

அவர் எழுந்து நின்றார். அந்த எழுபத்தொன்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"மெஷின் தப்பு பண்ணாது சார். தப்புன்னா நின்னுடும். அடிச்ச கைதான்."

மனு தள்ளுபடியானது. வெளியே வேப்பமரத்தடியில் செல்வராசு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சி கூட்டிப் போட்டீங்களா சார்?"

அதுவரை நான் அவருக்கு அண்ணன். அன்றிலிருந்து சார். அந்தப் பருவம் அவர் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலைக்குப் போனார். சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்திருக்கிறார்.

ஆறு மாதம் என் கையை நானே சந்தேகப்பட்டேன். புதுக் கண்ணாடி மாற்றினேன். தபால் அலுவலகத்தில் முத்திரையின் தேதியை மாற்றிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் சரியா என்று காட்டினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்த அச்சுத்தாளை வைத்துக்கொண்டு மாலைதோறும் உட்கார்ந்தேன். நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தவற்றைக் குறித்தேன். முப்பத்தொன்று எழுபத்தொன்று ஆகியிருந்தது. வேறொரு பக்கத்தில் இருபத்தொன்று அறுபத்தொன்று ஆகியிருந்தது. மூன்றுக்கு ஏழு, இரண்டுக்கு ஆறு. எங்கும் ஒரே ஒரு இலக்கத்தில் சரியாக நான்கு கூடியிருந்தது. கீபோர்டில் மூன்றும் ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. கை தவறினால் இரண்டில் விழும், நான்கில் விழும். ஏழில் விழாது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினின் பக்கத்தகட்டை நானே கழற்றினேன். விசிறிக்குக் கீழே தூசிக்குள் அந்த நீலத் திருகு இருந்தது. பக்கத்தில், அழித்தும் முழுதாகப் போகாத ஒரு பென்சில் கறுப்பு.

மெஷினைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடையில் அவர் மட்டும் இருந்தார். மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினேன். அவர் திடுக்கிடவில்லை.

"எப்ப செஞ்சீங்க?"

"க்ளீனிங்குக்குக் குடுத்தீங்கள்ல, அப்பதான். பறக்குதுன்னு நீங்கதான சார் வந்து சொன்னீங்க?"

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்பீங்க."

"இதுதான் என் தேதியெல்லாம் மாத்திச்சா?"

"பிராசசர ஏத்துனா மெமரியும் சேந்து ஏறும் சார். சூடு தாங்காம எங்கனயாச்சும் ஒரு புள்ளி சாஞ்சிருக்கும். மெஷின் எழுதுறது பூரா ஒண்ணும் சைபரும்தான், அதுல மூணுக்கும் ஏழுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்." ஒரு சுவையான விஷயத்தைச் சொல்வதைப்போலத்தான் சொன்னார். "நான் சும்மா விட்டுடல சார். ஒரு நாளு முழுக்க ஓட்டிப் பாத்துட்டுதான் குடுத்தேன். நிக்கவே இல்ல."

"மார்கழியில ஓட்டிப் பாத்தீங்க. நான் வைகாசியில ஓட்டுனேன்."

அவர் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார்.

"அன்னிக்கு அந்த ஆபீஸ்ல உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எழுபத்தொண்ணப் பாத்ததுமே தெரிஞ்சிது."

"அப்புறம் ஏங்க?"

"மெஷின் தப்புன்னு அத்தன பேருக்கு முன்னால என் வாயால சொன்னா, இந்த ஊர்ல எவன் சார் என்கிட்ட மெஷின் குடுப்பான்? நீங்க கவர்மெண்டு வேலைல இருக்கீங்க. உங்கள யாரு என்னா சொல்லிடப் போறாங்க?" பிறகு டிராயரைத் திறந்து திருப்புளியை எடுத்தார். "குடுங்க, ஒரு சுத்து கொறச்சி விடுறேன். சரியாயிடும்."

அவர் குறைக்கிறேன் என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். நான் கொடுக்கவில்லை. அன்றைக்கு மாடிப்படியில் இறங்கியவன் பிறகு ஏறவில்லை.

செல்வராசுவிடம் போய்ச் சொன்னேன். திருகு, சூடு, ஒரு புள்ளி சாய்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ் வாசலில் நின்றபடி பொறுமையாகக் கேட்டார். "விடுங்க சார், போனது போச்சி" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். திருத்தி எழுதலாம் என்றால் எப்படித் திருத்துவது? எழுபத்தொன்றை முப்பத்தொன்று ஆக்கலாம். ஆனால் என் பட்டியலில் உள்ள ஒரு பதினைந்து, உண்மையிலேயே பதினைந்தா, பதினொன்றா? நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வி நிற்கிறது. கிழமை இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். கிழமையைத் தூக்கியவன் நான். நோட்டைப் பரணில் ஏற்றாதவனும் நான். அதையும் கம்ப்யூட்டர்காரர் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான், முடியவில்லை.

இவையெல்லாம் நடந்து ஆண்டுகள் பல ஆகின்றன. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். தண்ணீர் வரும் நாளை இன்றும் எழுதுகிறேன். நோட்டில், பேனாவால், கிழமையோடு. செல்வராசு மறுபடி நிலத்துக்குத் திரும்பிவிட்டார். கம்ப்யூட்டர்காரர் கடையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, இப்போது போன் பழுது பார்க்கிறார் என்று கேள்வி.

இந்த ஆண்டு தண்ணீர் மதகைத் தொட்டது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால். வழக்கம்போல நுரையும் சருகும் முன்னே வந்தன. நான் மதகுச் சுவரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். செல்வராசு இன்னும் நான்கு பேரோடு வந்தார். எல்லோரும் போனை எடுத்துத் தண்ணீரைப் படம் பிடித்தார்கள்.

"நீங்க எழுதிக்கிங்க சார். நாங்க போட்டோவா வெச்சிக்கிறோம். தேதி, டைமு எல்லாம் படத்துலயே தானா விழுந்துடுது பாருங்க" என்றார் செல்வராசு. குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். குத்தலாகவே சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

"யாரு வெச்சிக் குடுத்தா?"

"நம்ம கம்ப்யூட்டர்காரருதான். ஊர்ல எல்லாரு போன்லயும் அவருதான் போட்டுக் குடுத்தாரு. கை பட்டாத்தான தப்பு வரும், கையே படாம வெச்சிருங்கன்னாரு. தங்கமான மனுசன் சார். டிஸ்பிளே ஒடஞ்சதுன்னு குடுத்தேன், மாத்துனதோட இல்லாம போனையே புதுசாக்கிட்டாரு. முன்னல்லாம் தொட்டா யோசிக்கும். இப்ப பறக்குது."

படத்தைப் பார்க்கச் சொல்லி நீட்டினார். வாங்கினேன். தண்ணீரின் மேல் மஞ்சள் எழுத்தில் தேதி விழுந்திருந்தது. என் நோட்டில் இருந்த அதே தேதி, அதே மணி. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. போன் கையில் சுட்டது.

செல்வராசு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா இருக்குல்ல சார்?"

"இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.